பட்டத்திலும் முத்திரை பார்ப்போம்!



பார்த்து வாங்குவது நம் தொழில். களம்பூர் பொன்னி என்று சொல்லி மூட்டை வந்து இறங்கினால், சாக்கைக் குத்தி நாலு அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் நாம் பணம் எண்ணுவதில்லை. மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா, பழைய புளியைப் புதுப் புளியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவோம். நம் ஊர்ப் பட்டு வியாபாரிகள் ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அசல் பட்டு என்பார்கள். நூறு ரூபாய்ச் சரக்கில் இவ்வளவு எச்சரிக்கை காட்டும் நாம், பிள்ளையின் படிப்புக்காக ஆயிரக் கணக்கில், லட்சக் கணக்கில் பணம் கட்டும்போது மட்டும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

முன்பெல்லாம் கல்லூரி என்றால் கட்டடம் இருக்கும். நேரில் போய்ப் பார்க்கலாம். இப்போது கட்டடமே கண்ணில் படாத பல்கலைக் கழகங்கள் செல்போன் வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. "ஆன்லைனில் பி.பி.ஏ., ஆன்லைனில் எம்.பி.ஏ., வேலை பார்த்துக் கொண்டே பட்டம், யு.ஜி.சி. அங்கீகாரம், நாக் தரச்சான்று" என்று நோட்டீஸ்கள் வருகின்றன. இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? யார் யாருக்கு அங்கீகாரம் கொடுக்கிறார்கள்? இதைத் தெரிந்து கொள்ளாத வணிகக் குடும்பம் பணத்தை மட்டுமல்ல, பிள்ளையின் மூன்றாண்டு வாழ்க்கையையும் இழக்க நேரிடும்.

ஆன்லைன் படிப்பு வேண்டாம் என்பதல்ல

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். வீட்டிலிருந்து படிக்கும் படிப்பு மட்டமானது என்று சொல்வது என் நோக்கமல்ல. அது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும் வரப்பிரசாதம். பிளஸ் டூ முடித்ததும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கல்லாவில் உட்கார்ந்துவிட்ட பையன்கள் நம் கடைத்தெருவில் எத்தனை பேர்! திருமணம் ஆனதும் படிப்பு நின்றுபோன பெண்கள் எத்தனை பேர்! பகலெல்லாம் தறியில் உட்காரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை வேலூருக்கோ சென்னைக்கோ போய்த் தங்கிப் படிக்க முடியுமா?

இவர்களுக்கான கதவு நேற்றுத் திறந்ததல்ல. டெல்லிப் பல்கலைக் கழகம் 1962ஆம் ஆண்டிலேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, அண்ணாமலைப் பல்கலைக் கழகங்களின் அஞ்சல் வழிப் பாடங்களைப் படித்து ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் உயர்ந்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2002இல் நம் சட்டமன்றத்தின் சட்டத்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் பிறந்தன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பில் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். தேர்வை மட்டும் மையத்துக்குப் போய்க் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வேண்டும்.

முறையான அனுமதியோடு நடத்தப்படும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் சென்று படித்த பட்டத்துக்குச் சமமானவை என்று பல்கலைக் கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. எனவே, "ஆன்லைன் என்றால் போலி" என்பது அறியாமை. "ஆன்லைன் என்றால் எல்லாம் அசல்" என்பது அதைவிடப் பெரிய அறியாமை. அந்த அறிவிப்பில் உள்ள "முறையான அனுமதியோடு" என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த அனுமதியை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: பட்டம் கொடுக்க உரிமை உண்டா?

மளிகைக் கடை வைக்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும்; அந்தப் பதினான்கு இலக்க எண் இல்லாமல் கடை நடத்தினால் குற்றம். பட்டம் கொடுப்பதற்கும் அப்படி ஓர் உரிமை இருக்கிறது. பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டம், 1956இன் 22ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக் கழகம், அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனம், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே இந்த நாட்டில் பட்டம் வழங்கலாம். சேர்க்காட்டில் இருக்கும் நம் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் 2002இல் சட்டத்தால் பிறந்தது. ஐ.ஐ.டி.கள் தனி நாடாளுமன்றச் சட்டத்தால் இயங்குகின்றன. இந்த வகைகளில் வராத எவரும் "பல்கலைக் கழகம்" என்ற பெயரைப் பலகையில் எழுதக் கூட 23ஆம் பிரிவு இடம் தரவில்லை.

ஆனாலும் எழுதுகிறார்கள். போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலை மானியக் குழு அவ்வப்போது வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் இருபது பெயர்கள். அவற்றில் எட்டு, நாட்டின் தலைநகரான டெல்லியிலேயே! விளக்கின் அடியில்தான் இருட்டு.

சட்டம் இயற்றினால் மட்டும் போதுமா என்று கேட்டால், அதற்கும் சத்தீஸ்கரில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த மாநிலம் 2002இல் தனியார் பல்கலைக் கழகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், பல்கலைக் கழகம் பிறந்துவிடும். குறுகிய காலத்தில் 112 பல்கலைக் கழகங்கள் பிறந்தன. பலவற்றுக்குச் சொந்தக் கட்டடமே இல்லை. மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் விஞ்ஞானியுமான பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் உயிரான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. அத்தனை பல்கலைக் கழகங்களும் ஒரே தீர்ப்பில் இல்லாமற் போயின. படித்துக் கொண்டிருந்த பிள்ளைகளின் கதி? அவர்களின் கல்லூரிகளை வேறு பல்கலைக் கழகங்களோடு இணைக்க மாநில அரசு ஏற்பாடு செய்யலாம் என்று நீதிமன்றமே வழிசொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் கேள்வி: தரச்சான்று உண்டா?

உரிமம் வேறு, தரச்சான்று வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் ஏமாற்றுகிறார்கள். நமக்கு இது எளிதில் புரியும். உணவுப் பாதுகாப்பு உரிமம் என்பது கடை நடத்தலாம் என்ற அனுமதி. அக்மார்க் என்பது அந்த நெய்யின், அந்தத் தேனின் தரம் இன்னது என்று சோதித்துக் குத்திய முத்திரை. உரிமம் இருக்கிற எல்லாக் கடையிலும் அக்மார்க் நெய்தான் விற்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

கல்வியில் அக்மார்க் போன்றது "நாக்" எனப்படும் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு. 1994இல் மானியக் குழு இதை அமைத்தது, தலைமையகம் பெங்களூரில். நிறுவனம் முதலில் தன்னைப் பற்றிய விரிவான அறிக்கையைத் தர வேண்டும். பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டட வசதி, மாணவர் நலன், நிர்வாகம், நிறுவனத்தின் நெறிகள் என்று ஏழு தலைப்புகளில் மதிப்பெண் போடுவார்கள். வெளியூர்ப் பேராசிரியர்கள் அடங்கிய குழு ஆய்வு செய்யும். கடைசியில் நான்குக்கு எத்தனை என்று ஒரு புள்ளி. 3.51க்கு மேல் என்றால் ஏ பிளஸ் பிளஸ், 3.26இலிருந்து 3.50 வரை ஏ பிளஸ், 3.01இலிருந்து 3.25 வரை ஏ. 1.50ஐத் தாண்டாவிட்டால் தரச்சான்றே கிடையாது. சான்று பொதுவாக ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். நம் தராசுக்குக் குத்தும் முத்திரைக்குக் காலக்கெடு இருப்பது போலத்தான் இதுவும். இந்த எழுத்து முறையையே மாற்றி, சான்று உண்டு அல்லது இல்லை என்ற புது முறையைக் கொண்டுவரப் போவதாக 2024இல் நாக் அறிவித்தது. ஆகவே நோட்டீசில் "ஏ பிளஸ்" என்று அச்சிட்டிருந்தால், எந்த ஆண்டு வாங்கியது, எதுவரை செல்லும் என்று கேட்பது நம் உரிமை.

பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குத் தேசியத் தரச்சான்று வாரியம் என்று தனியாக ஒன்று உண்டு. நாக் முழு நிறுவனத்தையும் அளக்கிறது. இந்த வாரியம் ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாக அளக்கிறது. ஒரே கல்லூரியில் ஒரு பிரிவுக்குச் சான்று இருக்கும், அடுத்த பிரிவுக்கு இருக்காது. இதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்திரை போலியானால் என்ன செய்வது? அதுவும் நடந்திருக்கிறது. கராச்சியில் இயங்கிய ஆக்சாக்ட் என்ற கம்பெனி நூற்றுக்கணக்கான இணையதளங்களில் இல்லாத பல்கலைக் கழகங்களை நடத்தி, உலகம் முழுவதும் பட்டங்களை விற்றதை 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அம்பலப்படுத்தியது. பார்க்லி, கொலம்பியானா என்று அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக் கழகங்களின் பெயரை ஒட்டியே பெயர் வைத்திருந்தார்கள். அதைவிடச் சாமர்த்தியம், அந்தப் பல்கலைக் கழகங்களுக்குத் தரச்சான்று தருவதாகச் சொல்லும் அமைப்புகளையும் இணையத்தில் அவர்களே உருவாக்கி வைத்திருந்ததுதான். சரக்கும் அவர்களுடையது, முத்திரையும் அவர்களுடையது! அமெரிக்காவில் தரச்சான்றை அரசு நேரடியாகத் தருவதில்லை. தனியார் அமைப்புகள் தருகின்றன, அந்த அமைப்புகளை அரசின் கல்வித் துறை ஏற்றுக்கொள்கிறது. இந்த இடைவெளியில்தான் போலிகள் புகுந்தன. எனவே, "சர்வதேசத் தரச்சான்று பெற்றது" என்று யாராவது சொன்னால், அந்தச் சான்றைக் கொடுத்தவருக்கு அதிகாரம் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

மூன்றாம் கேள்வி: இந்தப் படிப்புக்கு, இந்தப் பருவத்துக்கு அனுமதி உண்டா?

படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பல்கலைக் கழகம் உண்மையானது. நாக் சான்றும் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட படிப்பை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த அனுமதி இல்லை! அரிசி விற்க உரிமம் வைத்திருப்பவர் அதே உரிமத்தைக் காட்டிப் பட்டாசு விற்க முடியுமா?

தொலைநிலைக் கல்வியை முதலில் மேற்பார்த்த குழு 2013இல் கலைக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2020 செப்டம்பரில் வெளியான ஒழுங்குமுறை. ஆன்லைன் பட்டம் நடத்த உயர்ந்த நாக் புள்ளியோ, தேசியத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் வந்த தகுதியோ வேண்டும் என்று அது சொல்கிறது. எந்தப் பல்கலைக் கழகம், எந்தப் படிப்பை, எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியலை அந்தப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆண்டுக்கு இரு பருவங்கள்: ஒன்று ஜனவரி, பிப்ரவரியில், மற்றொன்று ஜூலை, ஆகஸ்டில். போன ஆண்டு பட்டியலில் இருந்தது என்பதால் இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பக் கூடாது.

சில படிப்புகளை எவருமே ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த முடியாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியர் படிப்பு, கட்டடக் கலை, சட்டம், வேளாண்மை ஆகியவை அதில் அடங்கும். முனைவர் பட்டமும் அப்படித்தான். உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்றவற்றையும் 2025 ஜூலை, ஆகஸ்ட் பருவத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். "டிப்ளமோ முடித்த பையனுக்கு வீட்டிலிருந்தே பி.இ." என்று யார் சொன்னாலும் அது பொய், மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை.

இந்தப் பொய்க்கு நம் மாநிலத்திலும் விலை கொடுத்திருக்கிறார்கள். சேலத்து விநாயகா மிஷன்ஸ் உள்ளிட்ட நான்கு நிகர்நிலை நிறுவனங்கள் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகளுக்கு முறையான அனுமதி இல்லை என்று 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் மறுபடி தேறினால்தான் பட்டம் நிலைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவு. நினைத்துப் பாருங்கள். வேலை கிடைத்து, பதவி உயர்வு வாங்கி, கல்யாணமும் ஆகி, பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் பட்டமே செல்லாது என்று ஒரு தீர்ப்பு வருகிறது. கட்டணம் திரும்பி வரலாம். போன காலம் திரும்பி வருமா?

பெயர் பெற்ற பழைய பல்கலைக் கழகம் என்றால் அச்சமில்லை என்றும் சொல்வதற்கில்லை. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு தன் அனுமதி இல்லை என்று 2022 மார்ச்சில் மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. பல்கலைக் கழகம் நீதிமன்றத்தை நாடியது. மானியக் குழுவுக்கும் பல்கலைக் கழகத்துக்கும் இடையே நியாயம் யார் பக்கம் என்பது வேறு பேச்சு. இரண்டு யானைகள் மோதும்போது நசுங்குவது காலடியில் இருக்கும் மாணவர்தான் என்பதை மட்டும் நாம் மனதில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்த பிறகு பெற்ற பட்டம்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லும் என்று 2009இல் அரசாணை வந்தது. பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கிவிட்டு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு உழைத்து, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்களின் வேதனை சொல்லி மாளாது. எதற்காகப் பட்டம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த வேலைக்கு அது செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

அரசும் தன் தராசைச் சரி செய்யட்டும்

இவ்வளவையும் வாங்குகிறவன் தலையிலேயே கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளலாமா? கூடாது. இந்த இடத்தில் வணிகர்களாகிய நாம் ஒரு கேள்வி கேட்க உரிமை பெற்றவர்கள். முத்திரையில்லாத எடைக்கல்லைப் பயன்படுத்தும் கடைக்காரருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் எழுதி வைத்தது. சட்டத்துக்கு விரோதமாகப் பட்டம் கொடுப்பவருக்கு 1956ஆம் ஆண்டின் மானியக் குழுச் சட்டம் வைத்த அபராதம் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய் வரை! ஐம்பது கிராம் குறைந்தால் பத்தாயிரம். ஒரு பிள்ளையின் வாழ்க்கையே குறைந்தால் ஆயிரம். உயர்கல்விக்குப் புதிய ஆணையம் அமைக்க 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா இந்த அபராதத்தைப் பல மடங்கு உயர்த்த முன்மொழிந்தது. இப்படி உயர்த்த எழுபது ஆண்டு ஆகியிருக்கக் கூடாது.

தரச்சான்று தருகிறவர்களும் தூய்மையாக இருக்க வேண்டும். ஆந்திராவின் குண்டூர்ப் பகுதிக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு நல்ல மதிப்பெண் தர ரொக்கமும் தங்கமும் மடிக்கணினியும் வாங்கியதாக, நாக் ஆய்வுக் குழுவினரையே 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் முத்திரை குத்துகிற கையே நடுங்கினால் சந்தையில் எந்த முத்திரைக்கும் மதிப்பிருக்காது. அதற்காக முத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? அக்மார்க் டப்பாவிலும் கலப்படம் பிடிபட்டதுண்டு. அதனால் நாம் அக்மார்க்கைத் தூக்கி எறிந்துவிடவில்லை. முத்திரையையும் பார்க்கிறோம், மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்க்கிறோம். படிப்பிலும் அதுவே வழி. பாடம் நடத்துகிறவர் யார், சந்தேகம் கேட்டால் பதில் வருகிறதா, தேர்வை யார் கண்காணிக்கிறார்கள், ஏற்கனவே படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். தேர்வே இல்லாமல், அல்லது தேர்வை வேறொருவர் எழுதித் தர, பட்டம் தருகிறோம் என்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

நம் கடை வாசலில் தொங்கும் பேனர்

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். மருந்து கசக்கத்தான் செய்யும்.

சிற்றூர்களிலும் நம் போன்ற நகரங்களிலும் இந்தப் படிப்புகள் யார் மூலமாக விற்பனையாகின்றன? பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரா நம் தெருவுக்கு வருகிறார்? ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் சென்டர், செல்போன் கடை, டைப்பிங் சென்டர் என்று நம்மைப் போன்ற சிறு வணிகர்கள் வழியாகத்தான். ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு கமிஷன் என்று பேசிக்கொண்டு, கடை வாசலில் பிளக்ஸ் பேனர் கட்ட இடம் கொடுக்கிறார்கள். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு "படிப்பு மையம்" என்று பலகை மாட்ட அனுமதிக்கிறார்கள். வாடகை வருகிறது, கமிஷன் வருகிறது. நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம்.

படிப்பு மையத்தை ஏஜென்சி போலக் குத்தகைக்கு விடுவதை மானியக் குழுவின் விதிகள் அனுமதிக்கவில்லை. படிப்புகளைக் கம்பெனிகளிடம் குத்தகைக்கு விடும் ஏற்பாடுகளுக்கு எதிராக 2022 ஜனவரியிலும், அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களின் பட்டங்களைக் கல்விக் கம்பெனிகள் விளம்பரப்படுத்துவது பற்றி 2023 டிசம்பரிலும் மானியக் குழு எச்சரித்தது. அப்படியிருந்தும் பேனர் கட்டினால் அதற்கு நாமும் உடந்தை.

"நான் விண்ணப்பம்தானே வாங்கித் தருகிறேன், பட்டம் நானா கொடுக்கிறேன்?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். உங்கள் கடையில் வாங்கிய எண்ணெயில் கலப்படம் இருந்தால், "நானா ஆட்டினேன்?" என்று சொல்லித் தப்ப முடியுமா? வாடிக்கையாளர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினார். ஒரு நெசவாளர் தன் மகளின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார் என்றால், அது எங்கோ வட மாநிலத்தில் இருக்கும் பல்கலைக் கழகத்தை நம்பி அல்ல. "நம்ம கடைத்தெரு அண்ணாச்சி சொன்னார்" என்று உங்களை நம்பித்தான். பத்தாண்டு கடன் கொடுத்து வாங்கிச் சம்பாதித்த அந்த நம்பிக்கையை இரண்டாயிரம் ரூபாய்க் கமிஷனுக்கு விற்கலாமா? சரக்குக் கெட்டால் மாற்றித் தரலாம். பட்டம் கெட்டால் எதைக் கொண்டு மாற்றித் தருவோம்?

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்றால் அங்கேயும் பாதை நேராக இல்லை. கல்வி ஒரு சரக்கல்ல, கல்வி நிறுவனத்தின் மேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2012இல் எடுத்தது. பின்னர் அந்தக் கேள்வியே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

பணம் கட்டுமுன் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியவை மிகச் சிலவே.

முதலாவதாக, பல்கலைக் கழகத்தின் முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டு, மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா, போலிப் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு நிறுவனம்.

இரண்டாவதாக, தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் பருவமும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சேரும் மாணவர் அந்தப் பிரிவின் அடையாள எண்ணைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற முறை 2024இல் வந்தது. "அதெல்லாம் தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவதாக, கட்டணத்தைப் பல்கலைக் கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனி நபரின் செல்போன் எண்ணுக்கு அனுப்பிய பணம் ஆற்றில் போட்ட புளி.

ஐந்தாவதாக, பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். கட்டணம் குறைந்த அரசுத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் அனுமதி பெற்ற பி.காம்., பளபளக்கும் நோட்டீசில் வரும் அனுமதியில்லாத எம்.பி.ஏ.வைவிட நூறு மடங்கு மேல்.

நம் சங்கமும் செய்ய வேண்டியது உண்டு. ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திலும் இரு வாரங்களுக்குச் சங்க அலுவலகத்தில் மாலை நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரையும், விஷயம் தெரிந்த இளைஞர் ஒருவரையும் உட்கார வைக்கலாம். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, எந்த நெசவாளரும் சுமைதூக்கும் தொழிலாளியும் வந்து, "இந்தப் படிப்பு செல்லுமா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பட்டியலைப் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானமும் நிறைவேற்றலாம்: பட்டியலில் இல்லாத படிப்புக்கு எந்த உறுப்பினரும் பேனர் கட்ட இடம் தருவதில்லை, கமிஷன் வாங்குவதில்லை, அறை வாடகைக்கு விடுவதில்லை. கலப்பட எண்ணெய் வேண்டாம் என்று முடிவெடுக்க முடிகிற நமக்கு, கலப்படப் பட்டம் வேண்டாம் என்று முடிவெடுப்பது கடினமல்ல.

புவிசார் குறியீடு பெற்ற பட்டு நம் ஊருடையது. வெளியூர்ச் சரக்கை ஆரணிப் பட்டு என்று யாராவது விற்றால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! அதே கோபம், கல்வி என்ற பெயரில் காகிதம் விற்பவர்கள் மேலும் வர வேண்டும். ஜூலைப் பருவச் சேர்க்கைக்கு நோட்டீஸ்கள் வரும். உங்கள் கைக்கு வரும் முதல் நோட்டீசைக் கசக்கி எறிந்துவிடாமல், சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.